கர்ணன் நிஜமாகவே தேரோட்டி மகனாக இருந்திருந்தால்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் படிக்கிற ஒரு பெண் என்னிடம் கேட்டது இது: "ஐயா, 'இலக்கியம் சமூகத்தின் மதிப்பீடுகளைக் கேள்வி கேட்கிறது'ன்னு பரீட்சையில பக்கம் பக்கமா எழுதுறோம். எங்க தெருவுல ஒண்ணும் மாறலையே? மனுஷன் குணமே இதுதான்னா கதையும் கவிதையும் என்ன செய்யும்?"

குடியாத்தம் வட்டாரப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவன் நான். இலக்கியம் காலத்தின் கண்ணாடி, இருட்டில் ஏற்றிய விளக்கு என்று தொடங்கும் விடையை எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். அந்த விடையால் உங்கள் கேள்வி தீராது, அம்மா. அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, கூத்துக் களத்திலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு இலக்கியம் புத்தகமாக வந்து சேரவில்லை. கூத்தாக வந்தது. பழைய வட ஆர்க்காடு ஜில்லா முழுக்க, குடியாத்தம், ஆரணி, செய்யாறு என்று எங்கே போனாலும் ஒரு திரௌபதி அம்மன் கோயில் இருக்கும். அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு இருக்கிற மாதங்களில் அக்னி வசந்த விழா வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. அர்ஜுனன் தபசுக்குப் பனைமரம் நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே அதில் ஏறுவார். கடைசி நாள் விடியற்காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. பள்ளிக்கூடத்தையே பார்க்காத என் ஆயாவுக்குப் பாரதத்தில் யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த இடத்தில் என்ன வார்த்தை சொன்னார் என்பதெல்லாம் அத்துபடி. அவருக்குப் பாடம் நடத்தியது முகவீணையும் மத்தளமும்தான்.

துகில் உரிகிற ராத்திரியில் திரௌபதை சபையில் நின்று கேட்பாள்: "தன்னைத் தோத்த பின்னாடி என்னை வச்சாரா, என்னை வச்ச பின்னாடி தன்னைத் தோத்தாரா? தானே அடிமையாப் போனவருக்கு என்னை வச்சு ஆட ஏது பாத்தியதை?" பீஷ்மர், துரோணர், கிருபர் என்று பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற சபை. பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். அவளுக்காக வாய் திறக்கிறவர்கள் விதுரரும், கௌரவர்களில் சின்னவனான விகர்ணனும்தான். அப்போது கட்டியங்காரன், அதாவது கூத்தின் கோமாளி, நடுவில் புகுந்து விடுவான். நான் சின்ன வயதில் பார்த்த ஒரு ஜமாவில், கூத்துக் குழுவில், அவன் பெரியவர்கள் பக்கம் திரும்பி, "ஏன் சாமி, எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க, கீழ ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின வாரம்தான் ஒரு பஞ்சாயத்தில், புருஷன் அடித்துத் துரத்திய பெண்ணுக்கு நியாயம் சொல்லாமல் எழுந்து போனவர்கள் அவர்கள். சிரிப்பு அந்த வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கட்டியங்காரன் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் பார்த்துக் கை நீட்டவும் இல்லை. அஸ்தினாபுரத்துச் சபை எங்கள் ஊர்ச் சபையாக மாற அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

இலக்கியம் கேள்வி கேட்கிற விதங்களில் இதுவும் ஒன்று. நேராகக் கேட்டால் சண்டை வரும். கதைக்குள் வைத்துக் கேட்டால், கேட்டவன் யார் என்று தேடுவதற்குள் கேள்வி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் நீங்கள் கேட்டது இதற்கு அடுத்தது. உட்கார்ந்த பிறகு என்ன ஆயிற்று? அதற்கு என் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரில் பெரியவர் யாராவது இறந்தால், காரியத்தன்று ராத்திரி கர்ண மோட்சம் என்ற கூத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் கர்ணனின் மனைவி பொன்னுருவி ராஜகுமாரி. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவனை வாழ்நாளெல்லாம் இழிவாக நடத்துகிறவள். போருக்குப் போகுமுன் அவன் விடைபெற வருகிறான். இருவருக்கும் தர்க்கம். கடைசியில் தன் பிறப்பை அவன் சொல்கிறான். அவள் உடைந்துபோகிறாள். விடியும் நேரத்தில் கர்ணன் சாய்வான். ஆயா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவார். "பொறப்பைச் சொல்லிச் சொல்லியே கொன்னுட்டாங்களே பாவிங்க" என்பார். வேஷம் கலைத்து டீ குடிக்கிற மனிதரைப் பார்த்தால்கூட அவருக்குக் கண் கலங்கும்.

அப்போது எங்கள் நிலத்துக்குக் கவலை இறைத்துத்தான் தண்ணீர். மாட்டைப் பூட்டி, கிணற்றிலிருந்து சால் என்கிற பெரிய வாளியை மேலே இழுப்பார்கள். சாலின் அடியில் தோல் வால் ஒன்று தொங்கும். தண்ணீர் அது வழியாகத்தான் கால்வாயில் கொட்டும். அந்தத் தோல் கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஒருவர் வருவார். வேலை முடிந்ததும் தண்ணீர் கேட்பார். ஆயா திண்ணைக்குக் கீழே அவரை நிறுத்தி, சொம்பைத் தூக்கிப் பிடித்து மேலேயிருந்து ஊற்றுவார். அவர் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். அவர் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீரில்தான் எங்கள் நெல் விளைந்தது. அந்தச் சோற்றில் ஆயாவுக்குத் தீட்டு இல்லை. சொம்பில்தான் இருந்தது.

ஆயா கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பஞ்ச காலத்தில் தன் பங்குக் கூழை அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் என்று ஊரே சொல்லும். கர்ணனுக்காக அழுததும் பொய் அழுகை இல்லை. விடியற்காலையில் அப்படி அழுத ஒருத்தர், காலையில் சொம்பைத் தூக்கிப் பிடித்தார். மனிதர் குணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் செய்தி இதுதான். இரண்டும் ஒரே நெஞ்சில், ஒன்றையொன்று தொடாமல் இருக்க முடியும்.

இதை நான் பல வருடம் பாசாங்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு என்று புரியவைத்தது 1990களில் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன். பாடத்தில் ஏதோ ஒரு இடத்தில் கர்ணன் பேச்சு வந்தது. நான் ஆயா கதையைச் சொன்னேன், சொம்பு வரைக்கும். கடைசி பெஞ்சில் இருந்து எழுந்தான் அந்தக் காலனிப் பையன். "சார், கர்ணன் நிஜமாவே தேரோட்டி மகனா இருந்திருந்தா உங்க ஆயா அழுதிருப்பாங்களா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்குப் பதில் வரவில்லை. "நல்ல கேள்வி, உட்கார்" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அன்று முழுப் பாடவேளையையும் அந்த ஒரு கேள்விக்குக் கொடுத்திருக்க வேண்டும். அவன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு டேனரி வேலைக்குப் போய்விட்டான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

அவன் கேட்டதை யோசித்துப் பாருங்கள். பொன்னுருவி எப்போது மனம் மாறுகிறாள்? அவன் குந்தி மகன், சூரியன் பிள்ளை, தன்னைவிட உசந்த குலம் என்று தெரிந்த பிறகு. கூத்து பார்க்கிற நமக்கு இது முதலிலேயே தெரியும். நாம் அழுவது, ஒரு ராஜகுமாரனைத் தவறான வரிசையில் உட்காரவைத்துவிட்டார்களே என்று. வரிசை தவறு என்று அந்தக் கதை சொல்லவில்லை. ஆயா காலையில் சொம்பைத் தூக்கிப் பிடித்ததற்கும் ராத்திரி அழுததற்கும் நடுவில் முரண்பாடே இல்லை போலிருக்கிறது. கர்ண மோட்சம் தன் கேள்வியை எந்த இடம் வரைக்கும் கொண்டுவந்ததோ, அந்த இடம் வரைக்கும் ஆயாவும் வந்தார். அதற்கு அப்பால் போகிற கேள்வியைக் கேட்க, கூத்துக் களத்தில் தள்ளி நின்று பார்த்த ஒரு வீட்டுப் பிள்ளை வேண்டியிருந்தது.

என் மனைவியும் ஒருமுறை இப்படித்தான் கேட்டார். துகில் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, "தன்னைத் தோத்த பின்னாடி வச்சது தப்புன்னா, முன்னாடி வச்சிருந்தா சரியா?" என்றார். ஆயிரம் வருடத்துக்கு மேலாக நாம் மெச்சுகிற அந்தக் கேள்வியிலேயே, பெண்ணைப் பந்தயம் வைக்கலாம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுத்தான் கிடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான், அம்மா. எந்த இலக்கியமும் கேள்வியை முழுசாகக் கேட்டு முடித்ததில்லை. அதை எழுதியவரின் கண் எட்டிய தூரம் வரை கேட்டது. மிச்சத்தைக் கேட்டவர் வேறு ஒருவர், பெரும்பாலும் முதல் கேள்வி கேட்கப்பட்டபோது சபையில் இடம் இல்லாமல் இருந்தவர்.

நம் பழைய எழுத்து பயந்து பயந்து கேட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் சாவுக்கான நெய்தல் பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு ததும்புகிறது. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் சொல்லிவிட்டார். பிச்சை எடுத்துத்தான் சிலர் உயிர்வாழ வேண்டும் என்றால் இந்த உலகத்தை இயற்றியவன் "பரந்து கெடுக" என்று வள்ளுவர் சாபமே விட்டார். ராஜாவைத் தாண்டி, படைத்தவனிடமே கணக்குக் கேட்கிற துணிச்சல் அது. பள்ளியில் இந்தக் குறளை மனப்பாடப் பகுதியாக வைத்து, பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மனித குணம் மாறுமா என்றீர்கள். அதற்கு நம் பக்கத்துப் பேய் ஒன்றின் கதை இருக்கிறது. திருவாலங்காட்டுக்கு அருகில் பழையனூர். 1911-இல் சித்தூர் ஜில்லா பிரிகிறவரை வட ஆர்க்காட்டோடு இருந்த பகுதி. பழையனூர் நீலி என்றால் இன்றும் பெரியவர்களுக்குத் தெரியும். தன்னை வஞ்சித்துக் கொன்ற வணிகனைப் பழிவாங்க, கரிக்கட்டையைப் பிள்ளையாக இடுப்பில் ஏந்திப் பெண்டாட்டி வேஷத்தில் வந்தவள். அவள் பேச்சை நம்பி, வணிகன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள், அவன் செத்ததும் தீப்பாய்ந்தார்கள் என்பது கதை. நாம் இதை வாக்குத் தவறாமைக்கும் பெண்ணின் நீலிக் கண்ணீருக்கும் உதாரணமாகச் சொல்லி வந்தோம்.

ஒரு சமணப் புலவர் இந்தப் பேயை எடுத்து வேறு ஒன்று செய்தார். நீலகேசி என்ற காப்பியம், ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று. ஒரு காளி கோயிலில் உயிர்ப்பலி கொடுக்க வந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்ற முனிவர், உயிருக்குப் பதில் மண்ணால் செய்த உருவத்தைப் படைத்தாலே போதும் என்று சொல்லி மாற்றிவிடுகிறார். பலி நின்றுபோன தெய்வம் பழையனூர் நீலியின் உதவியைத் தேடுகிறது. நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள், ராஜகுமாரி வேஷம் போட்டு மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. அப்புறம் அவர் பேச, அவள் கேட்கிறாள். கொல்லாமையை ஏற்கிறாள். பேய் மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. பௌத்தரிடம் போகிறாள், ஆசீவகரிடம் போகிறாள், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் என்று ஒவ்வொருவரிடமாகப் போய் வாதம் செய்கிறாள். பத்துச் சருக்கமும் பெரும்பாலும் வாதம்தான். பழிவாங்கும் பெண் என்று ஊர் பயந்த ஒருத்தியைத் தர்க்கம் பேசுகிறவளாக மாற்றிய அந்தக் கற்பனைக்கு ஈடாக வேறொன்றை நம் பழைய இலக்கியத்தில் நான் பார்த்ததில்லை. குண்டலகேசி என்ற பௌத்த நூலுக்கு மறுப்பாக எழுந்த நூல் இது. குண்டலகேசி முழுசாகக் கிடைக்கவில்லை. மறுத்த நூலின் உரையிலிருந்தும் புறத்திரட்டு என்ற தொகுப்பிலிருந்தும் அதன் பாட்டுகள் சில நமக்குக் கிடைத்தன.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருந்த கருத்தில்லை. ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கம் இருக்கிறதே, அங்கே பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 945-ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. பட்டினிக் குரத்தி அடிகள் என்ற சமணப் பெண் துறவி கிணறு வெட்டிவைத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. பக்கத்திலேயே பஞ்சபாண்டவர் மலையில் சமணக் குகை, காட்பாடிக்கு அப்பால் வள்ளிமலையிலும் சமணச் சிற்பங்கள். ஒரு பெண் குருவாக இருந்து கிணறு வெட்டிய ஊரில், பின்னால் வந்தவர்கள் யார் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்று கோடு போட்டார்கள். மாற்றம் முன்னோக்கி மட்டும் போகும் என்று யாராவது சொன்னால் நான் விளாப்பாக்கத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நீலகேசியில் ஒரு இடம் உங்கள் வேலைக்கே நேராகப் பொருந்தும். நாங்கள் கொல்வதில்லை, யாரோ கொன்றதை வாங்கித் தின்கிறோம், அதில் பாவம் இல்லை என்று பௌத்தர் சொல்வதை அவள் மடக்குகிறாள். வள்ளுவரும் இதைச் சொன்னார்: தின்பதற்கு ஆள் இல்லையென்றால் விற்பதற்கு யாரும் கொல்லமாட்டார்கள் என்று. நான் கறி சாப்பிடுகிறவன். இருந்தும் இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கறியை விட்டு வேறு இடங்களுக்கும் இதைக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுக் கரை நெடுகத் தோல் பதனிடுகிறோம். பச்சைத் தோலை உப்போடு தூக்கிச் சுண்ணாம்புத் தொட்டியில் போடுகிற கைக்குத் தீட்டு உண்டு. பளபளவென்று பெட்டியில் போகிற ஷூவுக்குத் தீட்டு இல்லை. ஆற்றில் கழிவு கலந்து கிணறுகள் கெட்டபோது, 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் மாசு செய்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. கொன்றவன் பாவம் தின்றவனுக்கும் உண்டு என்று நீலி சொன்ன தர்க்கம் ஷூ போடுகிறவர் வரைக்கும் வருமா? இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

சரி, இன்னொரு விஷயம். இலக்கியம் கேட்கும், சமூகம் பதில் சொல்லும் என்று நாம் எழுதிக்கொடுக்கிறோம். சமயத்தில் இலக்கியம்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

மு. வரதராசனார் நம் மண்ணின் மனிதர். 1912-இல் பிறந்தவர், வாலாஜா பக்கத்து வேலத்துக்காரர். அவருடைய அகல் விளக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பாலாற்றங்கரையும் வாலாஜாவும் வரும் நாவல். அழகும் அறிவும் உள்ள சந்திரன் தடம் மாறி அழிகிறான்; அடக்கமான வேலய்யன் அகல் விளக்குபோல நின்று எரிகிறான். நான் தமிழாசிரியர் ஆனதற்கே அந்தப் புத்தகம் ஒரு காரணம். அதனால் மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன். ஒழுக்கம் தவறிய சந்திரனுக்குக் கடைசியில் வருவது தொழுநோய். அது அவன் வாழ்ந்த வாழ்க்கைக்கு விதிக்கப்பட்ட தண்டனைபோலக் கதையில் நிற்கிறது. வாசிக்கிற ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. எங்கள் ஊரில் குஷ்டம் வந்தவரைப் பார்த்து, "என்ன ஆட்டம் ஆடினானோ" என்று சொல்லாதவர் இல்லை.

அதே காலத்தில், அதே ஜில்லாவில், என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் விரல்கள் அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கையைச் சந்தேகித்தார். சதையில் தனியாக அழுகல் எதுவும் இல்லை. நரம்பு செத்ததால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், காயத்தோடு வேலை செய்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரிவதில்லை. அதனால்தான் விரல் தேய்கிறது என்று கண்டார். நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது எலிக்காகப் பூனை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாரை மாற்றிக் கட்டி, மறுபடி பிடித்து வேலை செய்ய வைத்தார்கள். 1955-இல் காட்பாடிக்கு அந்தப் பக்கம் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. காரணம் ஒரு கிருமி என்பது 1873-லேயே ஹான்சன் கண்டுபிடித்தது. பாவம் எங்கேயும் இல்லை.

பாலாற்றங்கரை நாவல் ஒரு மனிதனின் நடத்தைக்கு விலையாக வைத்த நோயை, பாலாற்றங்கரை மருத்துவமனை நடத்தையிலிருந்து பிரித்து எடுத்தது. இரண்டுக்கும் நடுவில் சில மைல் தூரம். நல்ல மனிதர், பெரிய அறிஞர், சமூகம் திருந்த வேண்டும் என்று உயிரைக் கொடுத்து எழுதியவர். அவர் பேனாவிலும் ஊரின் ஒரு பழைய பயம் கேட்காமல் ஏறிக்கொண்டது. இந்தப் பயத்தின் ஆயுள் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சட்டத்தைப் பாருங்கள். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்பதை நம் நாடு 2019-இல்தான் நீக்கியது. மருந்து கிடைத்து, குணமாகி, ஊரே மறந்த பிறகும் சட்டப் புத்தகத்தில் அது உட்கார்ந்திருந்தது. இதற்காக அகல் விளக்கைத் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். பிள்ளைகளிடம் கொடுப்பேன், சந்திரன் நோயில் விழும் பக்கத்தில் நிறுத்திக் கரிகிரியைப் பற்றியும் சொல்வேன்.

என் வகுப்பில் அந்தப் பையன் எழுந்து நின்ற அதே பத்தாண்டில்தான் தமிழில் அவனைப் போன்றவர்கள் பரவலாக எழுத ஆரம்பித்தார்கள். 1992-இல் பாமாவின் கருக்கு என்ற தன்வரலாற்று நாவல் வந்தது. அதற்கு முன்னாலும் சேரியைப் பற்றிக் கதைகள் இருந்தன. இரக்கத்தோடு எழுதப்பட்டவை பல. அவற்றில் சேரிக்காரர் அழுவார், படிக்கிறவர் உச்சுக்கொட்டுவார். புதிதாக எழுத வந்தவர்கள் அந்த இரக்கத்தையே கூச்சப்பட வைத்தார்கள். நம் பேரணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் வந்தார். அவருடைய தகப்பன் கொடி நாவலில் நிலத்தை இழந்து நிற்கும் ஒரு குடும்பத்தின் கதை. வல்லிசை நாவலில் பறை. பறை அடிப்பதை விட்டால்தான் மானம் என்று ஒரு தலைமுறை கோலைக் கீழே போட்டது. பறை எங்கள் இசை, அதை ஏன் விட வேண்டும் என்று இன்னொரு தலைமுறை கையில் எடுத்தது. இரண்டு பேரும் சுயமரியாதைக்காகத்தான் நிற்கிறார்கள். எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் நன்கணியார் பாட்டில் வரும் நெய்தல் பறையை அடித்தவர் யார், சாவு வீட்டில் அடித்து முடித்து அவர் எங்கே நின்று சாப்பிட்டார் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இவர்களைப் படித்த பிறகுதான். இத்தனை வருடம் அந்தப் பாட்டை நடத்தியவன் நான்.

உங்கள் தெருவில் ஒன்றும் மாறவில்லை என்றீர்கள். முழுக்க மறுக்கமாட்டேன். படிப்பும் வேலையும் சட்டமும் ஓட்டும் இல்லாமல் வெறும் கதை எந்தத் தெருவையும் மாற்றாது. கவலைச் சாலை ஒழித்தது இலக்கியம் இல்லை, கரண்டு மோட்டார். தோல் தைக்க வந்தவரின் பேரன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னோடு டீ குடிப்பதற்கு, அவர் வாங்கிய அரசு வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர் ஒருநாள், "உங்க ஆயா ஊத்துன தண்ணி எங்க தாத்தாவுக்குக் கையில பாதி, மண்ணுல பாதின்னு எங்க வீட்ல ஒரு பேச்சு உண்டு சார்" என்றார். அவர்கள் வீட்டிலும் அது ஒரு கதையாகத்தான் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஆயாவின் கண்ணீர் கதை. அவர்கள் வீட்டில் சிந்திய தண்ணீர் கதை. ஐம்பது வருடம் இரண்டும் தனித்தனியாகச் சொல்லப்பட்டு, ஒரு திண்ணையில் வந்து சேர்ந்தன. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வரும் சித்திரையில் பாரதம் வைக்கிறார்கள். படுகளத்தன்று விடிவதற்குள் வந்துவிடுங்கள். துரியோதனனை மண்ணால் ஆளுயரத்துக்குப் பல மடங்கு பெரிசாகப் படுக்கவைத்து வண்ணம் பூசியிருப்பார்கள். வேஷக்காரர் அதன் மேல் ஏறி ஓடுவார். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதை கூந்தல் முடிவாள். அப்புறம் துரியோதனன் வீட்டுப் பெண் வேஷம் வந்து ஒப்பாரி வைக்கும். பதினெட்டு நாள் அவனைத் திட்டிய பெண்களெல்லாம் அவனுக்காகவும் சேர்ந்து அழுவார்கள். உங்களுக்கும் அழுகை வந்தால் அழுங்கள். யார் பக்கத்தில் நின்று அழுகிறார்கள், யார் தள்ளி நிற்கிறார்கள், பறையும் மத்தளமும் அடிக்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். அதை இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். பரீட்சைக்கான விடையை அப்புறம் சேர்ந்து எழுதலாம்.